பூம்பாறை நண்பனுக்கு: ஏஐ-யை எங்கே தொடங்குவது?

கோத்தகிரி
தை 5

அன்புள்ள முருகேசா,

நலம். இங்கே விடிகாலைக் குளிர் இன்னும் விட்டபாடில்லை. உறைபனியில் தேயிலை கருகாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் எல்லார் வாயிலும். உங்கள் பூண்டு எப்படி இருக்கிறது? உன் ஹோம்ஸ்டே வேலைக்கு ஏஐ-யை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். நீ கேட்டதே எனக்குச் சந்தோஷம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் என்று ஏஐ ஆப் பல இருக்கின்றன, எதை வேண்டுமானாலும் எடு. இப்போதைக்குப் பணம் கட்டாதே. முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு வேலை கொடு: வாட்ஸ்அப்பில் இந்தியில் விசாரிப்பவர்களுக்குப் பதில் எழுதுவது.

'இவருக்கு ஒரு பதில் எழுது' என்று மட்டும் சொன்னால், உன்னிடம் இல்லாத கேம்ப் ஃபயரையும் இலவசக் காலை உணவையும் சேர்த்து எழுதிவிடும். அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்துத்தான் அது வாக்கியம் கட்டுகிறது. மலை விடுதி என்றால் கேம்ப் ஃபயர் என்று எத்தனையோ பக்கங்களில் படித்திருக்கிறது, அதையே எழுதுகிறது. தெரியாத இடத்தையும் தயக்கமே இல்லாமல் நிரப்பும். அதனால் விவரம் முழுக்க உன்னிடமிருந்து போகட்டும். வாக்கியம் மட்டும் அங்கிருந்து வரட்டும்.

போனில் நோட்ஸ் ஆப்பில் ஒரு விவரக்குறிப்பு எழுதி வை. அறை எத்தனை, வாடகை, செக்-இன் நேரம், வெந்நீர் எப்போது வரும், எத்தனை வண்டி நிறுத்தலாம், சாப்பாடு உண்டா, முன்பணம், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று 15 வரி போதும். அதைக் காப்பி செய்து ஏஐ-யில் ஒட்டி, அதன் கீழே விருந்தினர் கேட்டதையும் ஒட்டி, பிறகு இப்படி எழுது:

"மேலே உள்ள விவரங்களை மட்டும் வைத்து, இவருக்கு எளிய இந்தியில் 6 வரிக்குள் மரியாதையாகப் பதில் எழுது. விவரத்தில் இல்லாததைக் கேட்டிருந்தால், விசாரித்துச் சொல்கிறேன் என்று போடு. அதே பதிலைத் தமிழிலும் கொடு."

கடைசி வரியை விடாதே. ஆனால் அது தரும் தமிழையும் முழுதாக நம்பாதே, இரண்டும் ஒரே கையிலிருந்து வருபவை. இந்திப் பதிலை மட்டும் எடுத்துக் கூகுள் டிரான்ஸ்லேட்டில் போடு. தேதி, வாடகை, ஆள் கணக்கு மூன்றும் சரியாக வந்திருந்தால் அனுப்பலாம். ஒவ்வொரு விருந்தினருக்கும் புது உரையாடல் திற. ஒரே உரையாடலை நீட்டிக்கொண்டே போனால் ஒருவருடைய தேதி இன்னொருவர் பதிலில் ஏறிவிடலாம். சிக்னல் போய்ப் போய் வரும் இடம் உன்னுடையது, எதையும் நோட்ஸில் எழுதிவிட்டு ஒட்டு.

மலைக்கு வண்டியில் வருபவர்களுக்கான அனுமதிச் சீட்டு இருக்கிறதே, அந்த இ-பாஸைப் பற்றி மட்டும் அதனிடம் கேட்காதே. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் உங்கள் கொடைக்கானலுக்கும் எங்கள் நீலகிரிக்கும் வந்தது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பும் சேர்ந்தது: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. இப்படி மாறும் விதியில் பழையதையே ஒப்பிக்கும், இல்லையென்றால் எங்கள் எண்ணை உங்களுக்குச் சொல்லிவிடும். இணையத்தில் தேடிச் சொன்னாலும் போன வருடச் செய்தி முன்னால் வந்து நிற்கலாம். அரசுத் தளத்தில் பார்த்து, பார்த்த தேதியோடு உன் விவரக்குறிப்பில் ஒரு வரி சேர்த்துக்கொள்.

மளிகை பில்லைப் படம் எடுத்து 'பொருள், அளவு, விலை என்று அட்டவணையாக்கு' என்றால் நன்றாகவே செய்யும். கையால் எழுதிய பில்லில் 1-ம் 7-ம், 3-ம் 8-ம் குழம்பும், அதனால் ஒவ்வொரு வரியையும் ஒத்துப் பார்க்க வேண்டும். மொத்தத்தை அதையே கூட்டச் சொல்லாதே. கூகுள் ஷீட்ஸில் போட என்ன ஃபார்முலா என்று கேள், கூட்டலை ஷீட் செய்யட்டும்.

விருந்தினரின் ஆதார், பாஸ்போர்ட் படங்களை எக்காரணம் கொண்டும் ஏற்றாதே. நம்மை நம்பிக் கொடுத்தது அது. பெயரும் போன் எண்ணும் நீக்கிவிட்டே கேள்வியை ஒட்டு. சாட்ஜிபிடி என்றால் செட்டிங்ஸில் 'டேட்டா கன்ட்ரோல்ஸ்' போய், உன் உரையாடலை வைத்து மாடலை மேம்படுத்தும் அனுமதியை அணைத்துவிடு.

தமிழ் சில நேரம் மேடைப் பேச்சு மாதிரி வரும். நீ முன்பு அனுப்பிய இரண்டு பதிலை ஒட்டி 'இந்த நடையில் எழுது' என்றால் சரியாகும்.

பூண்டு இலை நுனி மஞ்சளாவதைக் காட்டிக் கேட்கலாம் என்றாயே. கேள், ஆனால் இப்படி: 'என்னென்ன காரணம் இருக்கலாம், ஒவ்வொன்றையும் வயலில் எப்படிப் பார்த்து உறுதி செய்வது?' தண்ணீர் தேங்கினாலும், சத்துக் குறைந்தாலும், இலைப்பேன் இருந்தாலும் நுனி மஞ்சளாகும். படத்தில் எல்லாம் ஒன்றுபோல் தெரியும். மருந்தின் பெயரும் அளவும் அதனிடம் வாங்காதே. கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குச் செடியையே பிடுங்கிக்கொண்டு போ.

அந்த 15 வரியை எழுதியதும் எனக்கு அனுப்பு, சீசனுக்கு முன் இருவருமாகப் பார்த்துவிடலாம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ரங்கன்