வளவில் கிடைத்த ஓணான் தாடை

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு சிவா,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மூட்டுவலி குறைந்து கோயில் வரை நடக்கிறாய் என்று வாசித்ததும் பெரிய ஆறுதல். இங்கே கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது, வளவெல்லாம் வேப்பஞ்சருகு. அதைக் கூட்டும்போதுதான் பேத்தி ஒரு ஓணான் மண்டையோட்டை எடுத்து வந்தாள். எறும்பு தின்று சுத்தமாக்கிய வெள்ளை எலும்பு. கீழ்த்தாடை சுண்டுவிரலின் ஒரு கணு நீளம்கூட வராது.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முன்னால் நாய்ப்பல் போலக் கூராக ஓரிரண்டு, அதற்குப் பின்னால் மரம் அரியும் வாளைப் போல முக்கோணப் பற்கள். எலும்பு எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. முதலைக்குப் பல் குழிக்குள் நிற்கும். வீட்டுப் பல்லிக்குத் தாடையின் உட்பக்கச் சுவரோடு ஒட்டி நிற்கும், விழ விழ முளைக்கும். ஓணானின் பின்பற்கள் விளிம்போடு ஒன்றிப் போனவை, மாற்றுப் பல் கிடையாது. தாடை வளர வளரக் கடைசியில் புதிது சேரும். அதனால்தான் பழைய பற்கள் தேய்ந்து மழுங்கியும் கடைசிப் பல் புதிதாகவும் இருந்தன. பேத்திக்கு அதைக் காட்டியபோது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!

இதே மாதிரி ஒரு தாடைதான் இந்தியாவில் பெரிய குழப்பம் உண்டாக்கியது, தெரியுமா? மத்தியப் பிரதேசத்தில் டிக்கி என்ற பாறைப் படிவுகளில் கிடைத்த சின்னக் கீழ்த்தாடைக்கு 2006இல் டிக்கிகுவானியா எஸ்டெசி என்று பெயர் வைத்தார்கள். படிவின் வயது ஏறக்குறைய 22 கோடி ஆண்டு. அப்படியென்றால் உலகின் மிகப் பழைய ஓணான் இதுதான் என்றாகிவிட்டது. பல்லி, பாம்புக் கிளைகள் எப்போது பிரிந்தன என்று மரபணுவை வைத்துக் கணக்கிட்டவர்கள் பலர் இந்தத் தாடையை அளவுகோலாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மற்ற உயிர்ச்சுவடுகளை வைத்துப் போட்ட கணக்கு இதோடு ஒத்து வரவில்லை.

அப்புறம் ஹட்சின்சன் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது கூட்டாளிகளும் தாடையைத் திரும்ப ஆராய்ந்து, தெற்காசியாவில் இன்று மரமேறித் திரியும் ஓணான் கூட்டத்திலிருந்து இதைக் கிட்டத்தட்டப் பிரித்தறியவே முடியவில்லை என்று எழுதினார்கள். பிற்காலத்து எலும்பு பழைய மண்ணோடு கலந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. முதலில் ஆராய்ந்தவர்களும் குடும்பத்தைச் சரியாகத்தான் கண்டார்கள். பல் அதைச் சொல்லிவிட்டது. வயதுதான் தவறிப் போனது.

அந்த டிக்கித் தாடையோடு மண்டையோடும் சேர்ந்து கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பல்லி போலவே தோன்றும் நியூசிலாந்து ஊர்வனவான டுவாட்டாராவுக்கும் பல் எலும்போடு ஒட்டித்தான் இருக்கும். ஆனால் மேலே இரண்டு வரிசை, அவற்றின் நடுவே கீழ் வரிசை வந்து பொருந்தும். மேல்வாயைத் திறந்து பார்த்தால் ஒரு நொடியில் வேறுபாடு தெரியும். கீழ்த்தாடை மட்டும் கையில் இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

எங்கள் மண்டையோட்டைப் பஞ்சு வைத்துத் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு பல்லித் தாடை வேண்டும். மட்டக்களப்பில் உன் வீட்டுக் கூரைச் சந்தில் செத்துக் காய்ந்த பல்லி எதுவும் கிடந்தால் எறிந்துவிடாதே, வரும்போது கொண்டு வா. பேத்தி இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள்.

அன்புடன்,
ராசன்