பவுசர் பக்கம் நிற்கும் மகளுக்கு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள பூங்கொடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த வருஷம் கொஞ்சம் அதிகம், தென்னையில் மட்டைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன.

போன வாரம் போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "ஹெலிகாப்டர் வேலைன்னு வந்தேன், என்னை எண்ணெய் ஊத்துற லாரி, அந்த பவுசர்கிட்ட நிறுத்திட்டாங்க. பெட்ரோல் பங்க் வேலைதாம்ப்பா" என்றாய். அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. உன் யூனிட் எங்கே, என்ன மெஷின் என்று எனக்கு எழுத வேண்டாம், அது முறையும் இல்லை. நான் ஃபிட்டராக வேலை பார்த்த பழைய மி-17 ஹெலிகாப்டரை வைத்தே சொல்கிறேன்.

பைலட் மேலே போனபிறகு எத்தனையோ விஷயத்தைச் சரிசெய்துகொள்ளலாம். டேங்கில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் மாற்றவே முடியாது. அது தரையில் நிற்கிற உன் கையில்தான் இருக்கிறது.

அந்த மி-17இல் வெளியே இரண்டு பக்கமும் ஒவ்வொரு டேங்க். இடது பக்கம் 745 லிட்டர், வலது பக்கம் 680. மேலே, கியர்பாக்ஸுக்குப் பின்னால், 445 லிட்டரில் சர்வீஸ் டேங்க். இரண்டு இன்ஜினும் குடிப்பது இந்தச் சின்ன டேங்கிலிருந்துதான். பக்கத்து டேங்குகளில் உள்ள பம்புகள் எண்ணெயை மேலே தள்ளி அதை நிறைவாகவே வைத்திருக்கும். அங்கிருந்து பூஸ்டர் பம்ப், தீ வால்வு, ஃபில்டர், இன்ஜினின் சொந்த பம்ப் என்று போய்ச் சேரும். தீப்பிடித்தால் அந்த வால்வை மூடி அந்த இன்ஜினுக்கு மட்டும் எண்ணெயை நிறுத்திவிடலாம். பக்கத்துப் பம்புகள் நின்றுபோனாலும் மேலே உள்ளதை வைத்து இறங்க இடம் தேடலாம். தூரம் போக வேண்டுமென்றால் கேபினுக்குள் 915 லிட்டர் டேங்க் ஒன்றோ இரண்டோ வைப்பார்கள்.

மூன்றையும் நிரப்பினால் 1,870 லிட்டர், ஏறக்குறைய ஒன்றரை டன். நூறு லிட்டர் ஏடிஎஃப், அதாவது விமான எரிபொருள், என்பது கிட்டத்தட்ட 80 கிலோ, ஒரு ஆளின் எடை. அதனால் "ஃபுல் டேங்க்" என்பது எப்போதும் நல்லதல்ல. மலை உயர உயரக் காற்று மெலிந்து தூக்கும் சக்தி குறையும், அங்கே பைலட் அளந்துதான் எண்ணெய் கேட்பார். அவர் 1,200 லிட்டர் கேட்டால் 1,200தான். 2018 வெள்ளத்தில் சாலக்குடியில் கடற்படையின் சீ கிங் ஒரு மொட்டை மாடியில் சக்கரம் பட்டும் படாமலும் நின்று ஆட்களை ஏற்றியதை டிவியில் சேர்ந்து பார்த்தோமே. அந்த மாதிரி நேரத்தில் தேவைக்கு மேல் ஊற்றிய ஒவ்வொரு நூறு லிட்டரும் மாடியில் ஒருவரை விட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

அப்புறம் தண்ணீர். இதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். பாதி காலியான டேங்கில் இரவு குளிரில் காற்றின் ஈரம் வியர்த்து அடியில் இறங்கிவிடும். எண்ணெயில் கரைந்திருக்கும் ஈரமும் குளிர்ந்தால் துளியாகப் பிரியும். ஜெட் ஏ-1 எண்ணெய் மைனஸ் 47 டிகிரி வரை உறையாது, ஆனால் அதில் கலந்த தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போனதுமே பனித்துகளாகி ஃபில்டரை அடைக்கும். ராணுவ எண்ணெயில் அதற்கு மருந்து கலக்கிறார்கள், ஆனாலும் தேங்கி நிற்கிற தண்ணீருக்கு அது போதாது. நம்மைப் போன்ற வெப்பநாட்டில் இன்னொரு தொல்லை, எண்ணெயும் தண்ணீரும் சேரும் கோட்டில் பூஞ்சை வளரும். கொழகொழவென்று படர்ந்து ஃபில்டரில் போய் ஒட்டும், டேங்கையும் அரிக்கும்.

அதனால் காலையில் டேங்கின் அடியிலிருந்து டிரெய்ன் சாம்பிள் எடுக்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார். கண்ணாடி ஜாரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு சுழற்று சுழற்று. நடுவில் சுழல் விழும், அடியில் துளியோ தூசியோ இருந்தால் அந்தச் சுழலுக்குக் கீழே வந்து கூடும். மங்கலாக இருந்தாலும் விடாதே. ஒரு விஷயம் கவனம்: ஜார் முழுக்கத் தண்ணீராகவே இருந்தாலும் தெளிவாகத்தான் தெரியும். மோந்து பார். பிறகு சிரிஞ்ச் முனையில் தண்ணீரைக் காட்டும் கேப்ஸ்யூல் மாட்டி 5 மில்லி இழு. அதிலுள்ள மஞ்சள் காகிதம் பச்சையாக மாறினால் யார் அவசரப்படுத்தினாலும் பவுசரை நிறுத்து. சீனியர் திட்டினால் திட்டட்டும் கண்ணு.

ஹோஸில் எண்ணெய் ஓடும்போது ஸ்டாட்டிக் மின்சாரம் சேரும். அது பொறியாகாமல் இருக்க முதலில் பவுசரையும் மெஷினையும் இணைக்கும் பாண்டிங் கேபிள், அடுத்து நாசிலின் கிளிப், அதற்குப் பிறகுதான் மூடியைத் திறப்பது. கழற்றும்போது தலைகீழ் வரிசை. யூனிஃபார்முக்கு உள்ளே நைலான், பாலியஸ்டர் போடாதே, பருத்திதான். இடி மின்னல் என்றால் வேலையை நிறுத்திவிட வேண்டும். ரோட்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நிரப்பச் சொல்லும் நாளும் வரும். அப்போது பைலட் கண்ணில் படுகிற பக்கமாக, அவர் சைகை காட்டிய பிறகு மட்டும் போ. வால் பக்கம் தலைவைத்தும் படுக்காதே.

டேங்க் எப்படிச் செய்யப்படுகிறது என்பதையும் படி. வியட்நாம் போரில் விழுந்த ஹெலிகாப்டர்களில், மோதிய வேகத்தில் தப்பியவர்கள் பலர் பிறகு தீயில் போனார்கள். எனக்கு இதைப் படித்தபோது தூக்கம் வரவில்லை. 1970 முதல் அமெரிக்க ராணுவத்தின் புது யூஎச்-1 ஹெலிகாப்டர்களில் கிழியாத ரப்பர்ப் பை டேங்குகளும், குழாய் அறுந்தால் இருபுறமும் தானே மூடிக்கொள்ளும் வால்வுகளும் வந்தன. அவர்களின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் இன்னும் ஒரு படி மேலே, டேங்கிலிருந்து எண்ணெயைத் தள்ளாமல் இன்ஜின் பம்பே உறிஞ்சிக்கொள்கிறது. நம் கிணற்று மோட்டாரை நினைத்துப் பார். டெலிவரி பைப் ஓட்டையானால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும், சக்‌ஷன் பைப் ஓட்டையானால் காற்றுதான் இழுக்கும். குண்டு பட்ட குழாயிலிருந்து சூடான இன்ஜின் மேல் எண்ணெய் பீய்ச்சாமல் இருக்க இதுதான் வழி.

1967இல் அமெரிக்காவின் இரண்டு எச்எச்-3இ ஹெலிகாப்டர்கள் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு நிற்காமல் பறந்தன, வழியில் ஒன்பது முறை விமானத்திலிருந்து வானத்திலேயே எண்ணெய் வாங்கிக்கொண்டு. கப்பலில் இறங்க முடியாதபோது மேலே மிதந்தபடியே ஹோஸைத் தூக்கி நிரப்பிக்கொள்வதும் உண்டு. இந்த வேலைக்குள் இவ்வளவு இருக்கிறது.

பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறோம். ஏடிஎஃப் பட்டால் தோல் உரியும், கையுறை போட்டாலும் ராத்திரி கையைக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவு. அம்மா நம் செக்கில் ஆட்டியதையே வைத்திருக்கிறாள். காட்டன் பனியன் ஆறு இருக்கிறது, அளவு சரியா என்று போன் பண்ணும்போது சொல். ஓணத்துக்கு லீவு கிடைக்குமா என்பதையும் கேட்டுச் சொல், டிக்கெட்டுக்கு இப்போதே பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா