ஒமாஹாவிலிருந்து அப்பாவுக்கு

ஒமாஹா, நெப்ராஸ்கா, அமெரிக்கா
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கு மூவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா, தைலத்தை விடாமல் தேய்க்கிறார்களா என்று எழுதுங்கள். இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. காலையில் உங்கள் மாப்பிள்ளை வாசல் பனியை வாரி ஒதுக்கிய பிறகுதான் வண்டி வெளியே வருகிறது.

பாப்பா காலேஜில் நடிப்புப் படிக்க ஆசைப்படுகிற பேச்சை எடுத்தாலே நீங்கள் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களுக்கு அவள்மேல் கோபம் இல்லை, பயம்தான் என்று எனக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் ஆர்மோனியம் வாசித்த மனுஷர் நாடகத்தை வெறுக்க முடியாது. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய வள்ளி திருமணத்துக்கு வாசித்துவிட்டுக் கண் சிவந்து வீட்டுக்கு வருவீர்கள். விடியும்வரை உட்கார்ந்து ரசித்த அதே சனம் பகலில் நம்மைக் கூத்தாடிக் குடும்பம் என்று பேசும். பெண் வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் அக்காமார் வாங்கிய பேச்சையெல்லாம் நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டவர். பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகத்தில்கூட என்னை நிற்கவிடாமல் வைத்திருந்தது அதனால்தான். அதற்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை. ஆனால் உங்கள் பேத்தி ஏறப்போகிற மேடை எப்படிப்பட்டது என்று முழுசாகக் கேட்காமல் நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

முதலில் என் சேதியைச் சொல்கிறேன். அப்பா, நானும் மேடை ஏறிவிட்டேன்.

இந்த ஊருக்கு நாடகம் புதிதில்லை. ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் ஒமாஹா கம்யூனிட்டி பிளேஹவுஸ் 1924-ல் தொடங்கியது. ஹென்றி ஃபோண்டா என்ற பெரிய சினிமா நடிகர் இருந்தாரே, அவர் இருபது வயதில் காலேஜ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது, நடிக்க வா என்று அந்த அரங்கத்துக்கு இழுத்துப் போனவர், இன்னொரு பெரிய சினிமா நடிகரான மார்லன் பிராண்டோவின் அம்மா. அந்த அம்மாவும் அங்கே நடித்தவர்தான். 1975 மே மாதம் பெரிய சூறாவளி வந்து அந்தக் கட்டடத்தைச் சேதப்படுத்தியது. மறுபடி கட்டிவிட்டார்கள், இன்றைக்கும் நாடகம் நடக்கிறது. இது தவிரச் சின்னச் சின்ன அரங்கங்களும் சுற்றுவட்டாரத்தில் உண்டு. நான் நடித்தது அப்படி ஒரு சின்ன அரங்கத்தில்.

நம் பக்கம் யார் யாரை அழைப்பது என்று ஏஜெண்டும் விழாக் கமிட்டியும் பேசி முடித்து, போட்டோ போட்ட நோட்டீஸ் அடிப்பார்கள். பெயர் பெற்றவர்களுக்குத்தான் அழைப்பு. இங்கே ஆடிஷன் என்று, நடிக்க வைத்துப் பார்த்து ஆள் எடுக்கிற தேர்வுக்குத் தேதி போட்டு, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவிக்கிறார்கள். போனதும் ஒரு படிவம் கொடுத்தார்கள். எந்தெந்த நாள் ஒத்திகைக்கு வர முடியாது, முடியை வெட்டச் சொன்னால் சம்மதமா, கேட்ட வேடம் கிடைக்காவிட்டால் வேறு வேடம் ஏற்பீர்களா, தச்சு வேலை, தையல், பெயிண்ட் அடிப்பது ஏதாவது தெரியுமா என்றெல்லாம் கேள்வி. முன் அனுபவம் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். தையல் என்ற இடத்தில் டிக் போட்டேன்.

பிறகு நாடகத்திலிருந்து இரண்டு பக்கத்தைக் கையில் கொடுத்து, முன்பின் தெரியாத ஒருவரோடு சேர்ந்து அங்கேயே வாசிக்கச் சொன்னார்கள். என்னோடு வாசித்தவர் யூனியன் பசிபிக் ரயில்வேயில் வேலை பார்க்கிறவர். அந்த ரயில்வேயின் தலைமை அலுவலகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. எனக்கு அடுத்துக் காத்திருந்தவர்கள் ஒரு நர்ஸ், ஒரு பல் டாக்டர், ரிட்டயரான ஒரு வாத்தியார். என் இங்கிலீஷ் புதுக்கோட்டை இங்கிலீஷ். வாயைத் திறக்கிறவரை அதுதான் என் பயம். டைரக்டரம்மா பாதியில் நிறுத்தி, "அவசரம் வேண்டாம், உங்கள் தங்கச்சியிடம் சொல்வதுபோல் சொல்லுங்கள்" என்றார். இரண்டாவது தடவை குரல் தானாக இறங்கி வந்தது. என் உச்சரிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அந்த நாடகத்தில் எனக்கு வேடம் கிடைக்கவில்லை. ஆனால் அவர்களே கூப்பிட்டு, தையல் தெரியும் என்று எழுதியிருந்தீர்களே, உடுப்புப் பக்கம் உதவ முடியுமா என்று கேட்டார்கள். போனேன். அம்மா சொல்லிக்கொடுத்த ஓரம் அடிப்பு அங்கே எல்லாரையும் அசத்திவிட்டது. அடுத்த நாடகத்தில் பக்கத்து வீட்டுக்காரியாகச் சின்ன வேடம் கொடுத்தார்கள். ஆறேழு வாரம் ஒத்திகை. வேலை முடித்துச் சாயங்காலம் ஆறரைக்கு வந்தால் ஒன்பதரை வரை. நடிக்கிற ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. கடைசி நாள் திரை விழுந்ததும் முக்கிய வேடக்காரரிலிருந்து டிக்கெட் கிழித்தவர் வரை எல்லாரும் சுத்தியலை எடுத்துக்கொண்டு செட்டைப் பிரித்து அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

நாடகம் முடிந்த வாரம் மளிகைக் கடையில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, நீங்கள்தானே அந்தப் பக்கத்து வீட்டம்மா என்று கேட்டார். என்ன குடும்பம், எந்த ஊர் என்று விசாரிக்கவில்லை. நல்லா இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு உங்களை நினைத்துக்கொண்டேன் அப்பா. விடிகாலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிற ஒருவராவது உங்கள் கையைப் பிடித்து இப்படிச் சொல்லியிருப்பார்களா?

உங்களுக்கு ரொம்பப் பிடிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. பாட்டு நாடகத்துக்கு ஆடிஷன் என்றால் மூலையில் ஒரு பியானோக்காரர் உட்கார்ந்திருப்பார். வருகிறவர் எந்தப் பாட்டைக் கொண்டுவருவார் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொருவரும் தன் பாட்டின் ஸ்வரத் தாளை ஒரு ஃபைலில் கொண்டுபோய் அவர் முன் விரிக்க வேண்டும். முழுப் பாட்டுக்கு இடமில்லை, 16 பார் அல்லது 32 பார்தான். பார் என்பது தாளத்தின் ஒரு சின்னச் சுற்று, 16 பார் ஏறக்குறைய அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று தாளில் தெளிவாகக் குறித்திருக்க வேண்டும். காலப்பிரமாணத்தை நாமே மெல்ல முனகிக் காட்ட வேண்டும். விரலைச் சொடுக்கி அவருக்குத் தாளம் போட்டுக் காட்டினால் மரியாதைக் குறைவு. வெளிச்சத்தில் கண் கூசுகிற பளபளப்பான உறையில் தாளை வைத்தால் அவருக்கு எரிச்சல் வரும். பாடுகிறவர் பதறி ஒரு வரியைத் தாண்டிவிட்டால் அவரும் கூடவே தாண்டிப் போய்ப் பிடித்துக்கொள்கிறார். ராஜபார்ட் நடிகர் எந்தச் சுருதிக் கட்டையில் எடுத்தாலும் உங்கள் விரல் அங்கே போய் நிற்குமே, அதை நான் மறுபடி பார்த்தது இந்த மனுஷரிடம்தான். பாட்டு முடிந்ததும் முதலில் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பக்கவாத்தியக்காரருக்கு அப்படி ஒரு மரியாதை!

இனி பாப்பா விஷயம். பள்ளிக்கூட நாடகத்தில் தொடங்கி நாலு வருஷமாக அவள் ஓயவில்லை. காலேஜில் நடிப்புப் படிக்க மார்க் மட்டும் போதாது, நடித்துக் காட்ட வேண்டும். அதே ஆடிஷனை வைத்துப் பல கல்லூரிகள் ஸ்காலர்ஷிப்பும் முடிவு செய்கின்றன. எங்களுக்கு அது ஏன் இத்தனை முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். பல தனியார் கல்லூரிகளில் வருஷத்துக்கு 50,000 டாலருக்கு மேல் ஆகிறது. இந்த நாட்டுப் பிள்ளைகள் ஃபாஃப்ஸா என்ற படிவம் போட்டு மத்திய அரசின் உதவியும் கடனும் வாங்கலாம். மாப்பிள்ளை எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பதால், பாப்பாவுக்கு அவரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4 விசா. அவளுக்கு அந்த அரசு உதவி கிடையாது. 21 வயது ஆனால் அந்த விசாவும் முடிந்து, மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். நம் நாட்டுக்காரர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து திறமைக்குக் கொடுக்கிற உதவித்தொகைக்குப் பெரும்பாலும் இந்தத் தடை இல்லை. ஆக, அவள் நடித்துக் காட்டுகிற அந்தச் சில நிமிஷத்தில்தான் எங்கள் கணக்கு நிற்கிறது.

முதல் கட்டம் வீடியோ. பின்னால் வெறும் சுவர், பெயரையும் எந்த நாடகத்து வசனம் என்பதையும் சொல்லிவிட்டு நடிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிவசனங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிஷத்துக்குள். மாப்பிள்ளை போனை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அதில் தேறினால் நேரில் கூப்பிடுவார்கள். குளிர்காலத்தில் சிகாகோ, நியூயார்க் போன்ற ஊர்களில் ஹோட்டலில் பல கல்லூரிகள் ஒன்றாகக் கூடி ஆடிஷன் வைக்கின்றன. நாங்கள் அயோவா முழுவதையும் பனியில் கடந்து சிகாகோ போனோம், ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அந்த ஹோட்டல் தாழ்வாரத்தைப் பார்க்கவே மனசு கரைந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒவ்வொன்றும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு உதடு அசைய வசனம் சொல்லிக்கொண்டிருந்தன. தண்ணீர்ப் பாட்டிலும் கையுமாக அம்மா அப்பாக்கள். உள்ளே பெற்றவர்களுக்கு அனுமதி இல்லை. ஒருத்திக்கு முறை வந்தபோது கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த போட்டிக்காரப் பெண்ணே அவள் தோளைத் தட்டி அனுப்பி வைத்தாள்.

பாப்பா வெளியே வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வசனம் சொல்லி முடித்ததும் ஒரு பேராசிரியர், இதையே யாருக்கும் கேட்கக் கூடாத ரகசியமாகச் சொல் என்றாராம். சொல்பேச்சுக் கேட்டு மாறத் தெரிகிறதா என்று பார்க்க அப்படிக் கேட்பார்கள். மாற்றிச் செய்திருக்கிறாள். பிறகு உன்னைப் பற்றிச் சொல் என்றதும், என் தாத்தா நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவர் என்று தொடங்கியிருக்கிறாள். நம் பக்கத்து நாடகத்தில் ஒவ்வொரு நடிகரும் ஒவ்வோர் ஊரிலிருந்து வந்து அன்றைக்கு ராத்திரிதான் சந்திப்பார்கள், ஒத்திகையே கிடையாது என்றதும் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம், நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது ஒருவர் எடுப்பதற்கு மற்றவர் அந்த இடத்திலேயே பதில் கட்ட வேண்டும், ஆர்மோனியக்காரர்தான் இரண்டு பேரையும் தாங்கிப் பிடிப்பார் என்று விளக்கியிருக்கிறாள். இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பெயரை எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்களாம். நீங்கள் சின்ன வயதில் அவளுக்குச் சொன்ன கதைகள்தான் அப்பா. ஒன்றையும் அவள் மறக்கவில்லை.

பக்கத்தில் லிங்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். அங்கே படித்து டெலிவிஷனில் பெரும்பேர் பெற்ற ஜானி கார்சன், பின்னாளில் பெரிய தொகை கொடுத்தார். அங்குள்ள நாடகப் பள்ளிக்கு அவர் பெயர்தான். காலேஜில் சேர்ந்த பிறகு கிடைக்கும் உதவிகளும் உண்டு. ஐரீன் ரயன் என்ற நடிகை பெயரில் 1972-லிருந்து நடிப்பு மாணவர்களுக்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுத்துவந்திருக்கிறார்கள். சின்ன வயதிலேயே மேடை ஏறி, கடைசியில் பாட்டி வேடத்தில் புகழ் பெற்ற அம்மா அவர். மேடையில் சம்பாதித்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பிழைப்புக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். கோயிலில் பார்க்கிற நம்மவர்களும் கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாமே என்றுதான் கேட்கிறார்கள். நடித்தே குடும்பம் நடத்துகிறவர்கள் இங்கேயும் கொஞ்சம் பேர்தான், அதை நான் மறைக்கவில்லை. பாப்பா நடிப்போடு ஆசிரியர் பயிற்சியும் சேர்த்துப் படிக்க நினைக்கிறாள். இங்கே பல பள்ளிகளில் நாடகத்துக்கென்றே ஆசிரியர் உண்டு. ஆனால் ஒன்று, அவள் நன்றாக நடிக்கிறாள். என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. பத்து வயதிலிருந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட காது எனக்கு, பொய்க்குரல் எது என்று தெரியும்.

முடிவுகள் மார்ச், ஏப்ரலில் வந்துவிடும். மே 1-ம் தேதிக்குள் எந்தக் கல்லூரி என்று நாங்கள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் சம்மதம் வேண்டும் அப்பா. தாத்தா வேண்டாம் என்றால் நான் போகவில்லை என்று ஒரு ராத்திரி சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்ல வைக்காதீர்கள்.

வருகிற ஞாயிறு உங்கள் நேரம் ராத்திரி எட்டு மணிக்கு அவளே கூப்பிடுவாள். இன்னொரு கல்லூரிக்குப் பாட்டு வீடியோ அனுப்ப வேண்டும். மேல் ஸ்தாயியில் மூச்சு முட்டுகிறது, எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று தாத்தாவைத்தான் கேட்கணும் என்கிறாள். ஆர்மோனியத்தைத் துடைத்துத் தயாராக வையுங்கள். போனை அம்மாவிடம் கொடுக்காதீர்கள்.

உங்கள் அன்பு மகள்