குடும்ப நிலம் வெறும் பழம்பாசம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நிலம் முழுவதையும் ஒரே கம்பெனியிடம் கொடுத்துவிடலாம் என்று சொல்லும் சென்ற இதழின் வேளாண் கட்டுரையில், ‘பாட்டன் நிலத்தைக் கட்டிக்கொண்டு அழுவது பொருளாதாரத்துக்கு உதவாத பழம்பாசம்’ என்று ஒரு வரி. அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை. நெடுநாள் வாசகன் என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது.

உலகப் பண்ணைகளில் 90 சதவீதத்துக்கு மேல் குடும்பங்கள் நடத்துபவை. மதிப்பின்படி உலக உணவில் சுமார் 80 சதவீதம் அவற்றில் விளைவதுதான் என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு. 2014ஐக் குடும்ப வேளாண்மை ஆண்டாக அறிவித்த ஐ.நா., 2019 முதல் 2028 வரை பத்தாண்டுகளையும் அதற்கே ஒதுக்கியிருப்பது தாங்கள் அறியாததல்ல. பூர்வீகப் பண்ணையில் வாரிசுகளுக்குள்ள உரிமையை ஒழிக்கக் கூடாது என்று நார்வே தன் 1814 அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தது. அதுவும் பழம்பாசம்தானா?

எங்கள் கிணறு கொள்ளுத்தாத்தா வெட்டியது. நான்கு குடும்பங்களுக்கு அதில் முறைத் தண்ணீர். எழுத்தில் ஒன்றும் கிடையாது. மோட்டார் பழுதானால் செலவு நாலாகப் பிரியும், அவ்வளவுதான். அறுப்பு நேரத்தில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாங்கள் வாய்திறந்து கேட்கவில்லை. அக்கம்பக்கத்தார் இறங்கி அறுத்து, களத்தில் சேர்த்து, தார்ப்பாய் போட்டு மூடி, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டுத்தான் தங்கள் வயலுக்குப் போனார்கள். கட்டுரையாளர் சொல்வதுபோல் நிலம் முழுவதும் ஒரே கம்பெனியின் கைக்குப் போயிருந்தால் அங்கே வேலியும் காவலாளியும்தான் இருந்திருக்கும். எங்கள் வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எந்த வழியாகப் போவார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் நிருபர் வந்து, களையெடுத்துக்கொண்டிருந்த அம்மாவைப் படம் எடுத்தார். ‘கணவருக்கு உதவும் மனைவி’ என்று போட்டிருந்தீர்கள். பெயர்கூட இல்லை. எதை எப்போது விதைப்பது என்று முடிவு செய்வது அம்மா. விதைக்கு ஒதுக்குவதும் கூலிக் கணக்குப் பார்ப்பதும் அம்மா. அப்போதே எழுதினேன், பதில் இல்லை. வறட்சி வந்தால் மட்டும் வெடித்த நிலத்தில் தலையில் கைவைத்தவரைத் தேடி வருகிறீர்கள். விளைந்த ஆண்டில் எங்களை யாரும் பார்க்க வருவதில்லை.

மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை. முன்பு வேளாண் பக்கத்தின் ஓரத்தில், யாரிடம் என்ன விதை இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்று ஒரு சிறு பத்தி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் முகம் தெரியாத பலருக்கு நாங்கள் விதை கொடுத்தோம், வாங்கினோம். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டீர்கள். அதை மட்டும் மீண்டும் வெளியிடுங்கள். விதைப்புக்கு முன்பே வந்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயக் குடும்பத்து வாசகன்