பள்ளிக்கு இணையம் வந்தாச்சா?

அன்புள்ள சேகர்,

தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே சிங்கப்பூரில் நானும் நலம், எங்கள் ஈசூன் வட்டாரத்தில் வழக்கம்போல மழை.

உங்கள் பள்ளிக்கு 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) வேக இணைய இணைப்பு வந்ததை எழுதியிருந்தாய். காலையில் பறக்கிறது, பிள்ளைகள் உட்கார்ந்ததும் படுத்துவிடுகிறது என்கிறாய். கணக்குப் போட்டுப் பார். 40 பேர் ஒரே சமயத்தில் வீடியோ திறந்தால் ஆளுக்கு இரண்டரை மெகாபிட்தான், அதுவும் முழு வேகம் வந்தால். நீ சொல்வதைப் பார்த்தால் மூன்று வகுப்புக்கும் சேர்த்து ஒரே வைஃபை பெட்டி போலிருக்கிறது. அப்படியானால் லைன்காரனைத் திட்டிப் பயனில்லை. பள்ளிவரை லைன் வருவது ஒரு வேலை, அங்கிருந்து கடைசி பெஞ்சுவரை போவது வேறு வேலை. இப்போதைக்கு, காட்டப்போகும் வீடியோவை முந்தின நாளே ஒரு கணினியில் இறக்கி வைத்துக்கொள்.

இங்கே மட்டும் எல்லாம் ஒரே நாளில் வந்துவிட்டதா என்ன? 1997-இல் அரசாங்கம் பள்ளிகளுக்குக் கணினி கொண்டுவர 200 கோடி வெள்ளித் திட்டம் போட்டது. 2002-க்குள் இரண்டு மாணவருக்கு ஒரு கணினி என்பது இலக்கு. ஆசிரியர்களையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள், அதுதான் புத்திசாலித்தனம். ஆனாலும் கணினி அறைக்குப் பதிவேட்டில் பெயர் எழுதிக் காத்திருப்போம். தமிழ் வகுப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி பாடவேளை. உள்ளே போனால் எழுத்துரு இருக்காது, திரை முழுக்க ஏதேதோ குறிகள். அதைச் சரிசெய்வதற்குள் மணி அடித்துவிடும்.

எனக்கு உண்மையில் உறைத்தது 2020-இல்தான். கொரோனாவால் ஏப்ரல் 8 முதல் எல்லாருக்கும் வீட்டிலிருந்தே பாடம். பள்ளியில் இணையத்துக்குக் குறைவே இல்லை, வாடகை வீட்டுப் பையனுக்கோ அக்காவோடு பங்குபோட ஒரே ஒரு போன். "சார், கேமராவை அணைச்சிடவா? டேட்டா தீர்ந்துடும்" என்பான். பள்ளிகள் கணினியும் இணையக் கருவியும் இரவல் கொடுத்தன. உயர்நிலை மாணவர் எல்லாருக்கும் சொந்தக் கருவி என்று 2028-க்குப் போட்டிருந்த திட்டத்தையும் 2021-க்கே இழுத்துக்கொண்டார்கள். ஆகவே உன் ஊரில் எத்தனை பிள்ளைகள் வீட்டில் இணையம் இருக்கிறது என்று முதலில் கேட்டு வை. அது தெரியாமல் வீட்டுப்பாடத்தை ஆன்லைனில் கொடுக்காதே.

அப்புறம், நோட்டுப் புத்தகத்தை விட்டுவிடாதே. 2024 ஆகஸ்டில் இங்கே மாணவர் கருவிகளைக் கண்காணிக்கும் செயலியை எவனோ ஊடுருவி, 26 பள்ளிகளில் சுமார் 13,000 மாணவரின் கருவிகளில் இருந்ததைத் தூரத்திலிருந்தே அழித்துவிட்டான். கருவியிலேயே குறிப்பு எழுதி வைத்த பிள்ளைகள் பட்ட பாடு சொல்லி மாளாது.

எந்த அறையில் பெட்டி இருக்கிறது, எங்கே கேபிள் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பு. மாப்பிள்ளைக்கு நெட்வொர்க் வேலைதான், காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். டிசம்பரில் வருகிறேன், என்ன வாங்கிவர வேண்டும் என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
ராமு