மாஸ்டர் நோட்டும் ரோமன் நம்பரும்

டேய் மச்சான்,

ரொம்ப நாளா எழுதல, கோச்சுக்காத. இங்க எல்லாரும் சௌக்கியம். உன் முதுகு வலி எப்டி இருக்குன்னு மட்டும் எழுது, மருந்து பேரெல்லாம் வேணாம்.

விஷயம் என்னன்னா மாஸ்டரோட ஹார்மனி நோட்டு என் கைக்கு வந்துடுச்சுடா. அவர் பொண்ணு குடுத்தனுப்பிருக்கா. பாக்கோட கோரல், அந்த நாலு குரல் சர்ச் பாட்டு, ஒவ்வொண்ணா கைல காப்பி பண்ணி, அடியில பென்சில்ல அனாலிசிஸ், நமக்குத் திட்டு விழுந்த அதே பக்கங்கதான். பென்சில் மங்கிட்டே வருது, அதான் மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்னு உக்காந்துட்டேன்.

நோட்ஸ் ஏத்துறது பெரிய வேல இல்ல, கீழ வர்ற, கார்டு ஸ்கேல்ல எத்தனாவதுன்னு காட்டுற ரோமன் நம்பர்தான் உயிர எடுக்குது. நீ பண்ற மாதிரி லிரிக்ஸ் லைன்ல அடிச்சா முதல்ல ஸ்பேசிங் போச்சு. ஒரு செகண்டரி டாமினன்ட் (வேற ஒரு கார்டுக்கு அஞ்சாவதா வர்ற கார்டு) குறி கொஞ்சம் நீளமா வந்தா போதும், பாட்டு வரிக்கு எடம் விடுற மாதிரி நோட்ட எல்லாம் தள்ளி விட்டுடுது, கால் நோட்டு அர நோட்டு மாதிரி அகலமா நிக்குது. அதோட ஃபிகர்ஸ், ரோமன் நம்பர் பக்கத்துல வர்ற சின்ன எண்கள். டாமினன்ட் செவன்த் ஃபர்ஸ்ட் இன்வெர்ஷன எடுத்துக்க, பெரிய ரோமன் அஞ்சு, பக்கத்துல 6, அதுக்கு நேர் கீழ 5. சூப்பர்ஸ்கிரிப்ட்ல ஒண்ணு சப்ஸ்கிரிப்ட்ல ஒண்ணு போட்டா ரெண்டும் படிக்கட்டு மாதிரி எறங்குதே தவிர ஒண்ணு மேல ஒண்ணு உக்கார மாட்டேங்குது. உன் பயிற்சித் தாள்ல பூரா அந்தப் படிக்கட்டுதான், பசங்க பாவம்டா.

மியூஸ்ஸ்கோர்னு நான் யூஸ் பண்ற நோட்டேஷன் சாஃப்ட்வேர்ல இதுக்குன்னே ரோமன் நியூமரல் அனாலிசிஸ்னு தனியா இருக்கு, 3.3 வெர்ஷன்லேந்தே. காம்பானியான்னு ஒரு ஃபான்ட், ரோமன் அஞ்சு அடிச்சு ஒட்டி 65ன்னு அடி, அதுவே அடுக்கி வச்சிடும். சின்ன ஓ அடிச்சா டிமினிஷ்ட் வட்டம். பெரிய எழுத்து மேஜர், சின்ன எழுத்து மைனர், 1817லயே காட்ஃப்ரீட் வேபர் ஆரம்பிச்சு வச்ச பழக்கம், அது அப்படியே நிக்குது. ஸ்பேஸ் தட்டினா அடுத்த நோட்டுக்கோ பீட்டுக்கோ போயிடும், அதனால மேல சொப்ரானோ இழுத்துட்டு நிக்கும்போது பேஸ் மட்டும் நகர்ந்தாலும் சரியான எடத்துல போடலாம். இன்னொண்ணு, பயிற்சிய வேற கீக்கு மாத்தினா ரோமன் நம்பர் அப்படியே இருக்கும். எனக்கு அதப் பாத்ததும் அவ்ளோ சந்தோஷம்டா. கீ மாறும்போது ரெண்டு கீக்கும் பொதுவா வர்ற பிவட் கார்டுக்கு பிராக்கெட் போடறது மட்டும் இன்னும் கைவேலதான், அத நான் மறைக்கல.

இப்ப சீரியஸா ஒண்ணு சொல்றேன், கேளு. நீ இத்தன வருஷமா எழுதின பாடமெல்லாம் ஃபினாலேல இருக்கு. 1988ல வந்த சாஃப்ட்வேர், 2024 ஆகஸ்ட்ல இனிமே டெவலப் பண்ணலன்னு அறிவிச்சிட்டாங்க. இன்னிக்கு உன் மிஷின்ல ஓடுது, சரி, அடுத்த அப்டேட்டுக்கு அப்புறம் ஓடுமா? மியூசிக்எக்ஸ்எம்எல்லா, ஒரு நோட்டேஷன் சாஃப்ட்வேர்லேந்து இன்னொண்ணுக்கு கொண்டு போற ஃபைலா, எடுத்துடலாம்னு நீ சொல்வ. எடுக்கலாம், ஆனா லிரிக்ஸா அடிச்சது லிரிக்ஸாவேதான் போகும், அது ஹார்மனின்னு எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது. 2021ல வந்த மியூசிக்எக்ஸ்எம்எல் 4.0ல ரோமன் நம்பருக்குன்னே தனி எடம் குடுத்துருக்காங்க, உன்னோடது எதுவும் அதுக்குள்ள போய் உக்காராது. சோம்பேறித்தனம் பண்ணாம எல்லா ஃபைலயும் திறந்து பிடிஎஃப்பும் எக்ஸ்எம்எல்லும் எடுத்து வை, இந்த வாரமே. செகண்டரி டாமினன்ட் பாடத்த மட்டும் எனக்கு அனுப்பு, நான் மாத்தித் தரேன், மத்தத நீயே புடிச்சுக்குவ.

கடைசியா ஒரு சந்தேகம். கேடன்ஸ்ல, அதான் வரி முடியிற எடத்துல, வர்ற சிக்ஸ் ஃபோர் கார்ட மாஸ்டர் முதல் பக்கங்கள்ல ரோமன் ஒண்ணுன்னு எழுதிருக்கார், பின்னாடி போகப் போக ரோமன் அஞ்சுன்னு போட்டு 6க்கு 5, 4க்கு 3ன்னு கோடு இழுத்துருக்கார். எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிடுன்னு நீ சொல்வன்னு தெரியும். அவர் எழுதினத எழுதினபடியே வைக்கணும்ங்கிறது என் கட்சி, அவர் மனசு மாறினது அதுலதான தெரியுது. ஒத்துக்கலன்னா காரணத்தோட எழுது.

உன்
பழைய பெஞ்ச்