பெங்களூருத் தமிழர்களுக்கென ஒரு சிறிய தேடுபொறி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பெங்களூருப் பதிப்பைக் கையில் எடுத்தவுடன் உள்ளூர் நிகழ்ச்சிகள் பகுதியைப் படித்துவிட்டே மற்றப் பக்கங்களுக்குச் செல்லும் வாசகர்களில் நானும் ஒருவன். அல்சூரில் இலக்கியக் கூட்டம், ஸ்ரீராம்புரத்தில் கண் சிகிச்சை முகாம், ஆஸ்டின் டவுனில் பால்குட ஊர்வலம் என அங்கு வரும் செய்திகள் மறுநாளே பழைய காகிதத்தோடு போய்விடுகின்றன; சென்ற மாதம் வந்த அறிவிப்பு ஒன்றை இன்று தேடி எடுக்க வழியில்லை. இந்நகரத் தமிழர்கள் தங்களுக்கென ஒரு சிறிய தேடுபொறியை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

உலகம் முழுவதற்குமான பெரிய தேடுபொறிகள் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, அப்படிச் சுட்டும் பக்கங்களின் மதிப்பு என்ன என்பதை முக்கிய அளவுகோலாகக் கொண்டு வளர்ந்தவை அவை. பிற்பாடு வேறு பல அளவுகோல்கள் சேர்ந்தாலும், பலர் நாடுவது மேலேறும், சிலர் நாடுவது கீழே தங்கும் என்ற போக்கு மாறவில்லை. ஒரு பேட்டையில் உள்ள சில நூறு குடும்பங்களுக்கு மட்டும் தேவைப்படும் செய்தி அந்த வரிசையில் எங்கே நிற்கும்? எட்டாம் வகுப்பு படிக்கும் தன் மகளுக்குத் தமிழ் கற்பிக்க ஆள் தேடிய பக்கத்து வீட்டு அம்மையாரின் கைப்பேசியில் சென்னை, மதுரைப் பயிற்சி மையங்களே வரிசையாக வந்தன. இரண்டு தெரு தள்ளி ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் மாலை வகுப்பு நடத்துவதைக் கோயில் வாசலில் ஒட்டியிருந்த தாள்தான் அவருக்குத் தெரிவித்தது.

தேடுபொறி என்பது அடிப்படையில் ஒரு பெரிய சொல்லடைவு. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே தொகுத்து வைத்திருப்பதால்தான் நொடியில் விடை வருகிறது. அந்தத் தொகுப்பு யார் கையில் இருக்கிறதோ, அவர் அறிந்த ஊர்தான் அதில் இருக்கும். அல்சூர், உல்சூர், ஹலசூரு ஆகிய மூன்றும் ஒரே இடம் என்பதும், தண்டு என்று பெரியவர்கள் சொன்னால் அது கண்டோன்மென்ட் எனப்படும் பழைய படைக்குடியிருப்புப் பகுதி என்பதும் இங்கு வாழ்பவருக்குத் தெரியும். அதை நாம் அமைக்கும் பொறிக்கு ஒரு பட்டியலாகக் கற்பித்துவிடலாம். அல்சூருக்கு, அல்சூரில், அல்சூரிலிருந்து என வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களை அடிச்சொல்லோடு சேர்ப்பதற்கும் வழி உண்டு. சொல்லின் உருபை நீக்கி அடிச்சொல்லைக் காணும் கட்டற்ற மென்பொருளான (யாரும் தடையின்றிப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய) ஸ்னோபாலில் தமிழுக்கான விதிகளும் இடம்பெற்றிருக்கின்றன.

பிறர் இந்த வழியில் நடந்து காட்டியிருக்கிறார்கள். பெயர்ச்சொற்கள் ஏழு வேற்றுமைகளில் உருமாறும் செக் மொழிக்காக 1996இல் வலைத்தளப் பட்டியலாகத் தொடங்கிய செஸ்னாம், பல ஆண்டுகள் செக் நாட்டின் முதன்மைத் தேடுபொறியாக விளங்கியது. 1999இல் தொடங்கிய தென்கொரியாவின் நேவர், கொரிய மொழிப் பக்கங்கள் குறைவாக இருந்த காலத்தில், 2002இல் மக்களே கேள்வி கேட்டு மக்களே விடை எழுதும் பகுதியைத் திறந்தது. தேடுவதற்கு வேண்டிய செய்தியே அங்கு அதனால் பெருகியது. நம் பெங்களூரிலும் 2006இல் குருஜி என்ற தேடுபொறி தோன்றி, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கும் இடமளித்து, சில ஆண்டுகளில் மறைந்தது. நாடு முழுவதையும் திரட்ட முயன்ற வணிக முயற்சி அது. நான் கோருவதோ சில நூறு வலைப்பக்கங்களும் சில ஆயிரம் அறிவிப்புகளும் அடங்கிய ஒன்று. 1999 முதல் வழங்கிவரும் சொல்லடைவு அமைத்துத் தேடித் தரும் லூசீன் என்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, சாதாரணக் கணினி ஒன்றிலேயே அதை இயக்க முடியும். மையக் கணினியே இல்லாமல், பலருடைய கணினிகள் சொல்லடைவைப் பகிர்ந்துகொள்ளும் யாசி என்ற மென்பொருளும் 2003 முதல் இருக்கிறது.

இதில் எனக்கு மிகுந்த ஆவலைத் தருவது பழைய அச்சுப் பொருள்தான். 1809இல் கண்டோன்மென்ட் அமைந்த காலத்தைத் தொட்டு இங்கே குடியேறிய தமிழர்களின் வரலாறு, கும்பாபிஷேக மலர்களிலும், பள்ளிகளின் நூற்றாண்டு மலர்களிலும், சங்கங்களின் ஆண்டறிக்கைகளிலும் சிதறிக் கிடக்கிறது. எந்தத் தெருவில் எந்தப் பஞ்சாயத்தார் படிப்பகம் நடத்தினர், எந்தக் குடும்பம் எந்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்தது என்பன போன்ற விவரங்கள் அவற்றைத் தவிர வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லை. வீட்டுப் பரண்களில் இருக்கும் இம்மலர்களை ஸ்கேன் செய்து, டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருளால் எழுத்தாக மாற்றி, பிழை திருத்திச் சேர்த்தால், ஆய்வு மாணவரும் தம் பாட்டனார் பெயரைத் தேடும் பேரனும் ஒரே இடத்தில் விடை பெறுவார்கள். வெறும் படமாக ஏற்றிவிட்டு விட்டுவிடுவதால் பயனில்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் சொல்லடைவில் சேர்த்தால்தான் தேடுபவருக்கு அது கிட்டும்.

பொறுப்பேற்பவர் இல்லாவிட்டால் இது ஓராண்டில் பாழாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். மூடிய கடையும் மாறிய தொலைபேசி எண்ணும் நீக்கப்படாமல் கிடந்தால் மக்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒருவர் அறிவிப்புகளைச் சரிபார்க்க வேண்டும். பணம் கொடுத்தவரை மேலே காட்டும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே விலக்க வேண்டும். தனிப்பயிற்சி அளிக்கும் பெண்களின் எண்களை அவர்களின் இசைவின்றி வெளியிடக் கூடாது. யார் எதைத் தேடினார் என்ற குறிப்பையும் சேமிக்கக் கூடாது.

1950 முதல் இயங்கிவரும் பெங்களூருத் தமிழ்ச் சங்கம், அல்சூரில் நூலகத்தோடு இருப்பதால், இப்பணிக்கு உரிய இடம் அதுவே என்று கருதுகிறேன். தங்களிடம் நான் வேண்டுவது ஒன்று உண்டு: பெங்களூருப் பதிப்பின் உள்ளூர்ச் செய்திப் பக்கங்களை, ஒருங்குறி (யூனிகோட்) எழுத்தில் இருக்கும் அளவிற்கேனும், இத்தகைய தேடலுக்குத் திறந்துவிட வேண்டும். பழைய எழுத்துருக்களில் இருப்பவற்றை மாற்றும் வேலையைக் கல்லூரித் தமிழ் மன்ற மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். முயற்சி தொடங்குமானால், அல்சூர், மர்பி டவுன் பகுதிகளின் அறிவிப்புகளைச் சரிபார்த்துத் தரும் பொறுப்பை நானும் நண்பர்கள் சிலரும் ஏற்கிறோம்.

இவண்,
தங்கள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு.